காற்றுக்கு இடம் விட்ட கை

என் தம்பி எல்கனுக்கு இருபது வயது. ரக்பியில் அவன் ஹூக்கர். முன்வரிசையின் நடுவில் நின்று எதிரணியோடு தோள் முட்ட வேண்டும்; பந்து வெளியே போனால் ஓரக்கோட்டில் நின்று உள்ளே எறிவதும் அவன் வேலைதான். இரண்டு அணிகளும் வரிசைகட்டி நிற்க, நடுவே நேராக எறிய வேண்டும். கோணினால் நடுவர் விசில் ஊதிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்.

முட்டுவதில் குறை சொல்ல ஆளில்லை. ரோமம் கத்தரிக்கும் நாளில் செம்மறிக் கிடாக்களை ஒற்றை ஆளாக மல்லாத்துகிறவன். நகரத்து கிளப் ஓராண்டு ஒப்பந்தம் கொடுத்தது. ஆனால் முதல் இரண்டு ஆட்டங்களில் ஏழு பந்துகள் கோணிப் போயின. பயிற்சியாளர் ஹைவலுக்கு நயமாகப் பேசத் தெரியாது.

"மூணு வாரம் டைம். நேரா எறி. இல்லன்னா மே மாசம் ஒப்பந்தம் முடிஞ்சதும் போய் ஆடு மேய்."

எனக்குக் கொதித்தது. ஆடு மேய்ப்பது என்ன அவ்வளவு கேவலமா?

வீட்டு முற்றத்தில் எறிந்தால் பத்துக்குப் பத்து. டிராக்டரின் மண்ணள்ளும் வாளியை உயர்த்தி, அதில் நின்று ஏழு வருடமாகப் பிடிப்பவள் நான்தானே. ஆட்ட வீடியோவை நாலைந்து முறை போட்டுப் பார்த்தேன். ஏழு பந்தும் அவனுக்கு இடப்பக்கமே விலகியிருந்தன.

"டேய், நம்ம முற்றத்துல காத்து எங்கேருந்துடா?"

"கடல்லேருந்து. இடது பக்கம். எப்பவும் அதானே?"

"ஸ்டேடியத்துல?"

வீடியோவை அவனே மறுபடி ஓட்டிப் பார்த்தான். சுற்றிலும் உயரமான பார்வையாளர் மாடங்கள். அங்கே காற்று நுழைவதில்லை. இவன் கையோ இல்லாத காற்றுக்கு இடம் விட்டு எறிந்துகொண்டிருந்தது.

"எல்லாம் உன்னாலதான் நெஸ்டா! நீதான அங்கயே நின்ன!"

"ஆமாடா, குளிர்ல நின்னு பிடிச்சேன்ல, இதுவும் சொல்லுவ, இன்னமும் சொல்லுவ."

சினை ஆடுகளை ஒரு பக்கம் ஒதுக்கி, தகரக் கொட்டகையின் கதவுகளைச் சாத்தினோம். உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டேன். கிளப் பயிற்சி முடிந்ததும் தினமும் ஒன்றரை மணி நேரம் காரோட்டி வந்து, அந்தக் கயிற்றைக் குறிபார்த்து இருநூறு முறை எறிவான். தோள் வீங்கியது. "போதும்டா" என்றால், "பத்து மட்டும்" என்பான். அந்தப் பத்து நாற்பதாகும்.

மூன்றாவது ஆட்டத்தில் முதல் பந்தே கோணியது. இரண்டாம் பாதியில், எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு ஐந்து மீட்டர் தூரத்தில் எறிய வேண்டிவந்தது. அதற்குள் அவன் இடத்தில் இறங்க மாற்று வீரன் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஓரத்தில் வந்து நின்றான். வரிசையின் முன்னால் நிற்கும் நெட்டையன் கார்வின் அப்போது நடந்ததைப் பிறகு சொன்னான்.

"எனக்கே போடு. பக்கம்தான், பயமில்ல."

"இல்ல. கடைசி ஆளுக்கு."

"பைத்தியமா? கோணிச்சுன்னா?"

"கோணிச்சுன்னா போறது நானு. நீ ஏன் அழுவுற?"

பந்து எல்லார் தலைக்கும் மேலே பறந்தது. நேராக. கடைசி ஆள் தாவிப் பிடித்ததும், கும்பலாகத் தள்ளிக்கொண்டு போய் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தார்கள். ஹைவல் மாற்று வீரனைப் பெஞ்சுக்கே திருப்பி அனுப்பினார்.

கடைசியில் இரண்டு புள்ளியில் தோற்றோம். வெளியேறும் வழியில் நான் தம்பியோடு நிற்க, ஹைவல் அருகே வந்து அவனைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை ஆபீசுக்கு வா. ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணும்."

இதைக் கேட்டதும் நான் அழுதுகொண்டே குதித்தேன். தோற்ற அணிக்காரி நான் குதிப்பதைப் பார்த்து, தங்கள் பக்கத்து ஆள் என்று நினைத்து, எதிரணி ரசிகர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.