நான் குடித்துப் பார்க்காத கிணறு

இல்லை, ரஹீம் பாய் கிணற்றில் தவறி விழுந்து இறக்கவில்லை. காய்ச்சல்தான், நான்கு நாள். ஆயுள் முழுக்கக் கிணறுகளை அளந்தவர் என்பதால் எல்லோரும் அப்படியே கேட்கிறார்கள்.

ரஹீம் பாயின் தம்பி வேலூர் ஆபீஸுக்கு வந்து, "அண்ணன் மௌத்தாய்ட்டாரும்மா. இந்தக் கயிறு ஆபீஸுதா, எங்களுதா?" என்று கேட்டார். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. எனக்கும் தெரியவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஆம்பூர்ப் பக்கத்துக் கிணறுகளைக் கணக்கெடுக்க எங்கள் இருவரையும் அனுப்பியிருந்தார்கள். அவர் கயிற்றை இறக்கி ஆழம் சொல்வார். பட்டம் பெற்ற நான் எழுதுவேன். அளந்து முடிந்ததும் ஒரு வாய் நீர் அள்ளி, கண்ணை மூடிக் கொப்பளித்துத் துப்புவார். அவரோடு கிணற்றடியில் நின்று, இன்று அவர் நினைவுக்குக் கூடியிருக்கும் உங்களுக்கு அது தெரியும். நானோ வீட்டில் காய்ச்சிய நீரைக் கூஜாவில் கொண்டுபோவேன்.

"ஊர்த் தண்ணிய அளக்க வந்துட்டு வூட்டுத் தண்ணி குடிக்கிறீங்களேம்மா," என்று சிரிப்பார்.

பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கீழே ஓர் ஊர். தன் கிணற்றடியில் அவர் துப்பியதைக் கன்னியம்மாள் பார்த்துவிட்டாள்.

"இன்னா பாய், வாய் கழுவவா வந்தே?"

"உனக்கு இன்னாக்கா, கொழம்புக்கு உப்பே வாங்கத் தேவல."

அவளும் சிரித்தாள். பிறகு நாற்றங்காலைக் காட்டினாள். நுனியெல்லாம் கருகியிருந்தது. தோல் கழுவிய நீர் மண்ணுக்குள் இறங்கி வருகிறது என்றாள். மேலே உள்ள ஏரியிலிருந்து கால்வாய் கேட்டு ஊரார் மனுப் போட்டிருந்தார்கள். எங்கள் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு.

"உப்புன்னு எழுதிக்கோங்கம்மா," என்றார் பாய்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நாக்கை நம்பி எழுதுவதா என்றும் நினைத்தேன். 'கோடையிலும் நீர் உண்டு. போதுமானது' என்று எழுதினேன்.

மனு தள்ளுபடியாயிற்று.

பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க எழுதின ஆழம் சரிதாம்மா," என்றார். திட்டியிருக்கலாம்.

கன்னியம்மாள் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கூலிக்குப் போகிறாள். தோல் ஷாப்பில், தோல் கழுவ.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கயிறு. துப்புவதற்கு முன் கண்ணை மூடுவாரே, அந்த முகமும்.

நேற்று கூஜா இல்லாமல் அந்த ஊருக்குப் போனேன். அதே கிணற்றில் இறைத்து ஒரு வாய் குடித்தேன். படிவத்தின் நகலில், கட்டங்களுக்கு வெளியே, 'உப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கீழே ரஹீம் பாயின் பெயரையும் எழுதி, மனுவைத் தள்ளிய மேலதிகாரிக்குத் தபாலில் சேர்த்தேன்.