அண்ணிக்கு ஒரு சைஸ் பெரிசு

எங்க அப்பாவுக்கு ஒரு வியாதி இருந்தது. கடைக்குப் போனா எதையும் ஒரு சைஸ் பெரிசாத்தான் எடுப்பார். "வளர்ற புள்ள, அடுத்த வருஷமும் ஆகும்ல" என்பார். பஞ்சு அடைச்ச ஷூவைப் போட்டுக்கிட்டுத்தான் நான் எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன். அப்பா போன பிறகு அந்த வியாதி எங்க அண்ணன் பூவராகவனுக்கு வந்துடுச்சு. சட்டை பேன்ட்டோட நிறுத்தியிருந்தா நான் ஏன் பேசப் போறேன்? நாப்பது வயசுப் பொண்டாட்டிக்கு ஒரு சைஸ் பெரிசா சைக்கிள் வாங்கிட்டு வந்தார் பாருங்க, அதை நெனச்சா எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வரும்.

அந்தப் பொண்டாட்டிதான் எங்க அண்ணி தமிழ்செல்வி. நெய்வேலி டவுன்ஷிப்ல பொறந்து வளர்ந்தவங்க. கல்யாணமாகி டெல்லிக்கு வந்து, பரீட்சை எழுதி, மினிஸ்ட்ரி ஒண்ணுல ஸ்டெனோவா சேர்ந்து, இன்னிக்குப் பெரிய ஆபீசர் ஒருத்தருக்கு பிரைவேட் செக்ரட்டரி. மோதி பாக் குவார்ட்டர்ஸ் அவங்க பேர்லதான். அண்ணன் ஏர்ஃபோர்ஸ்ல டெக்னீஷியனா இருந்துட்டு வெளிய வந்து ஒரு கம்பெனிக்குப் போறார். அவர் ஆறடி. அண்ணி அவர் சட்டைப் பாக்கெட் உயரம்.

நான் தங்கம். ஜனக்புரியில ஒரு பேங்க்ல வேலை, வீடும் அங்கேயே. நாத்தனார்னா சண்டை போடணும்னு ஒரு சட்டம் இருக்கே, அதை நானும் மீறினதில்லை. அண்ணிக்காக அண்ணன்கிட்ட போடுவேன். ஏன்னா அண்ணிக்குச் சண்டை போட வராது. 'வேண்டாம்'ங்கிற வார்த்தையே அவங்க வாயில வராது. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் தன் வேலையைக் கொண்டாந்து வச்சா "அச்சா, ரக் தோ", சரி வைங்கன்னு வாங்கிக்குவாங்க. காய்காரன் முத்தின வெண்டைக்காயைப் போட்டாலும் பையை நீட்டுவாங்க. கேட்டா, "பாவம் தங்கம், ஆசையா குடுக்கறான்" என்பாங்க. ஆசையாவாம்! எனக்கு வர்ற கோவத்துக்கு அந்த வெண்டைக்காயாலயே அவனை அடிக்கலாம்.

சைக்கிள் வந்த கதை இதுதான். அண்ணிக்கு முட்டி வலி வந்தப்ப டாக்டர், "நீந்துங்க, இல்ல சைக்கிள் ஓட்டுங்க"ன்னார். நெய்வேலியில பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்ல போனவங்களாச்சே, முகமெல்லாம் பல்லாயிடுச்சு. அண்ணன் சும்மா இருப்பாரா? சாணக்யபுரியில ஒரு எம்பசிக்காரர் வேலை முடிஞ்சு ஊருக்குத் திரும்பறார், வீட்டுச் சாமானெல்லாம் விக்கிறார்னு கேள்விப்பட்டு ஓடினார். மவுண்டன் பைக் ஒண்ணைத் தள்ளிக்கிட்டு வந்தார். வித்தவர் தென்னமரம் மாதிரி இருந்தாராம். "இவங்களுக்கு எட்டுமா அண்ணே?"ன்னு நான் அன்னிக்கே கேட்டேன். "ஃப்ரேமைப் பாரு, கல்லு! சீட்டை இறக்கினா ஆச்சு. பெரிசா இருந்தா நல்லதுதானே"ன்னார். அண்ணி சிரிச்சுக்கிட்டே ஏறி உட்காந்தாங்க.

அதுக்கப்புறம் நடந்த கூத்தை எங்க குடும்பத்தைத் தவிர வேற எங்கயும் பாக்க முடியாது. எங்க வீட்ல ஆயுத பூஜைக்கு அண்ணனோட ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், அண்ணியோட கீபோர்டு எல்லாத்துக்கும் பொட்டு வைப்போம். அதோட சைக்கிளுக்கும் பொட்டு. பொட்டு மட்டும் போதாதுன்னு வருஷா வருஷம் சைக்கிளுக்கு ஒரு புதுப் பார்ட் வாங்கி, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு நடுவுல வச்சுப் படைச்சு, அப்புறம் மாட்டுவார் அண்ணன். அண்ணி ஒரு தடவை "கை கொஞ்சம் மரத்துப் போவுதுங்க"ன்னாங்க. அந்த பூஜைக்கு மெத்துன்னு ரப்பர் கைப்பிடி வந்தது. "தோள் வலிக்குது"ன்னாங்க, புது ஹேண்டில் வந்தது. "இடுப்பு..."ன்னு ஆரம்பிச்சாங்க, ஜெல் வச்ச சீட் வந்துடுச்சு. வலின்னு சொன்னா ஒரு பார்ட் வரும், வலி மட்டும் போகாது. கடைசியில அண்ணி வலியைச் சொல்றதையே விட்டுட்டாங்க. அண்ணன் சந்தோஷமா, "பாத்தியா, எல்லாம் சரியாயிடுச்சு"ன்னார்.

இத்தனைக்கும் அண்ணி ஓட்டறதை விடலை. ஞாயித்துக்கிழமை காலையில குருகிராம் பக்கம் ஆரவல்லி மண்பாதையில ஒரு கூட்டத்தோட போவாங்க. பாதிப் பேர் ஐ.டி. பசங்க, பொண்ணுங்க. அதுல சுபிக்ஷான்னு நம்ம ஊர்ப் பொண்ணு ஒருத்தி, கோயம்புத்தூர்க்காரி, அண்ணி உயரம்தான் இருப்பா, அண்ணிக்கு ரொம்ப சிநேகம். இந்த வருஷம் அந்தக் கூட்டம் நவம்பர்ல லான்ஸ்டவுன் மலைக்குப் போறதா முடிவு பண்ணிச்சு. கோட்துவார் வரைக்கும் வேன், அங்கேர்ந்து மேல வரைக்கும் சைக்கிள். அண்ணிக்கு அந்த மலை மேல உசுரு. "ஒரே ஒரு நிஜமான மலையை என் காலால மிதிச்சு ஏறிடணும் தங்கம். அடுத்த வருஷம் இந்த முட்டி என்ன சொல்லுமோ"ன்னாங்க. ஆனா ஆரவல்லி மேட்டுலயே பாதியில கை மரத்து, பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்காம இறங்கிடறவங்க மலைக்கு எப்படிப் போறது?

செப்டம்பர் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் எனக்கு போன்.

"தங்கம், நான் இறங்கவே இல்லடி!"

"எதுலேர்ந்து அண்ணி?"

"சைக்கிள்லேர்ந்துடி! அந்த மேட்டுல! சுபிக்ஷா சும்மா விளையாட்டுக்கு, 'ஆன்ட்டி, மாத்திக்கலாமா'ன்னா. அவ சைக்கிள் சின்ன ஃப்ரேம். ஏறி உட்காந்தேன் பாரு, ஹேண்டில் தானா கைக்குள்ள வந்து உட்காந்துச்சு. நான் எட்டிப் பிடிக்கவே இல்ல. மேல போய் நின்னு சத்தம் போட்டுச் சிரிச்சுட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணுல தண்ணியும் வந்தது. "அப்ப புதுசு வாங்கிடுங்க. அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

அண்ணி குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க. "அவரு பால்கனியில பேப்பரை விரிச்சு சைக்கிளைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டிருக்காரு. மலைக்குப் போறோமில்ல, இந்த பூஜைக்கு முன் சக்கரத்து ஷாக் அப்சார்பர், கியர் செட் எல்லாமே புதுசாம். ஆசை ஆசையா வாங்கி வச்சிருக்காரு"ன்னாங்க.

"ஆசையா! திரும்ப ஆசையா! நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டா?"

"நீ சொல்லாத. நான்தான் சொல்லணும்"னாங்க.

சொன்னாங்களா? அதான் இல்ல. அடுத்த வாரமெல்லாம் வீட்ல ஒரே வழக்கு. அண்ணன் தானா வாதம் பண்ணி தானே தீர்ப்பு சொல்லிக்கிட்டிருந்தார். "சைக்கிள் க்ரூப்ல எல்லாரும் புதுசு வாங்குங்கறானுங்களாம். இந்தக் காலத்துப் பசங்களுக்கு என்ன தெரியும்? ஃப்ரேம் நல்லா இருந்தா மத்ததெல்லாம் மாத்திக்கலாம். என்ன செல்வி?" அண்ணி, "ஆமாங்க"ன்னு சாம்பார் ஊத்தினாங்க. காசு விஷயமா இருந்தா நான் ஒரு லோன் போட்டு அவர் வாயை அடைச்சிருப்பேன். இது காசு இல்லையே. பத்து வருஷத்துக்கும் மேல அந்த மனுஷன் பொண்டாட்டி மேல இருக்கிற பிரியத்தை ஒவ்வொரு நட்டா முடுக்கி வச்சிருக்கார். அது எனக்கு ஆகலைன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அண்ணி அதுலதான் மாட்டிக்கிட்டு முழிச்சாங்க. மலையை விடறதா, மனுஷன் மனசை நோகடிக்கறதான்னு.

ஆயுத பூஜையன்னிக்கு நான் காலையிலேயே மோதி பாக் போயிட்டேன். சுண்டல் தாளிச்சாச்சு, படையல் முடிஞ்சாச்சு. சைக்கிளைக் கீழ இறக்கி, சந்தனம் குங்குமம் வச்சு, சாமந்திப்பூ சுத்தி, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நிறுத்தியிருந்தார் அண்ணன். அப்படியே மின்னுது. கீழ் வீட்டு சர்மா ஆன்ட்டிகூட வேடிக்கை பாக்க வந்துட்டாங்க.

"ஏறு செல்வி. பழத்தை நசுக்கி ஒரு ரவுண்டு போயிட்டு வா."

அண்ணி நகரலை. துப்பட்டாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

"நீங்க ஏறுங்க"ன்னாங்க.

"நானா? சைக்கிள் உன்னுது."

"ஒரு தடவை ஏறுங்களேன். நான் பாக்கணும்."

அண்ணன் சீட்டை ஏத்தி, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறினார். பழம் நசுங்குச்சு. பார்க்கைச் சுத்தி ஒரு ரவுண்டு போனார். அய்யய்யோ, அதைப் பாக்கணுமே! முதுகு நேரா, கை தளர்வா, முட்டி அளவா மடங்கி, அவருக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருந்தது. மாட்டினதெல்லாம் அவர் ஏறி உட்காந்து, அவர் கையை வச்சுப் பாத்து மாட்டினதுதானே. ஒவ்வொரு வருஷமும் அவருக்கு இன்னும் கொஞ்சம் பொருத்தமாச்சு, அவ்வளவுதான். "ஆஹா, கியர் வெண்ணெய் மாதிரி விழுது செல்வி!"ன்னு சின்னப் பையனாட்டம் கத்திக்கிட்டே வந்து நின்னார்.

"உங்களுக்கு எவ்வளவு நல்லா இருக்குங்க"ன்னாங்க அண்ணி. "எனக்கு எட்டலைங்க. வாங்கின நாள்லேர்ந்து எட்டல. அரை மணியில ரெண்டு கையும் மரத்துடும். நீங்க என்ன மாட்டினாலும் எட்டாது. சுபிக்ஷா சைக்கிள்ல ஏறினப்பதான் எனக்கே புரிஞ்சுது. எனக்குச் சின்னது வேணும். புதுசு வேணும்."

அண்ணன் இறங்கலை. ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டே அண்ணியைப் பாத்தார். முகம் சுண்டிப் போச்சு.

"இத்தனை வருஷமாவா? ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னொரு பார்ட் வாங்கிட்டு வந்துடுவீங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை, வெடிச்சுட்டேன். சர்மா ஆன்ட்டிக்கு ஒண்ணும் புரியாம, "க்யா ஹுவா, க்யா ஹுவா?"ன்னு அவங்களும் சேந்து சிரிக்கிறாங்க. அண்ணன் என்னை முறைச்சார், அண்ணியை முறைச்சார், சைக்கிளைப் பாத்தார். அப்புறம் கோவமா ஒரு கத்து கத்தினார்: "உன் கையை மரத்துப் போக வைக்கிற சாமானுக்காடி நான் வருஷா வருஷம் பொட்டு வச்சுக் கும்பிட்டேன்!" கத்தினவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, "கிளம்பு, ஜல்தி. ஷூவை மாட்டு"ன்னார்.

மூணு பேரும் ஆட்டோ பிடிச்சு ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டுக்குப் போனோம். அண்ணி ஒவ்வொண்ணா ஏறி ஏறிப் பாத்து, பச்சைக் கலர்ல சின்ன ஃப்ரேம் ஒண்ணுல உட்காந்தாங்க. உட்காந்ததும் முகம் மலர்ந்த விதத்துலயே தெரிஞ்சுபோச்சு, அதான்னு. நம்மாளு சும்மா இருப்பாரா? கடைக்காரரைப் பாத்து, "பையா, இதுலயே ஒரு சைஸ் படா..."ன்னு ஆரம்பிச்சார்.

"வேண்டாம்!"

கடையே திரும்பிப் பாத்துச்சு. அண்ணி வாயிலேர்ந்து அந்த வார்த்தையை என் ஆயுசுல அன்னிக்குத்தான் கேட்டேன். அதுவும் என்ன சத்தம்! தமிழ் தெரியாத கடைக்காரர்கூட ரெண்டடி பின்னால போயிட்டார். சொன்ன அண்ணிக்கே ஆச்சரியமாயிடுச்சு. அண்ணன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "சரி தாயே, இதையே எடுத்துக்கோ"ன்னு வெக்கமா சிரிச்சார்.

நவம்பர்ல லான்ஸ்டவுன் போனாங்க. அண்ணனும் போனார், அந்தப் பெரிய சைக்கிளோட. அவர் வேன்ல முக்கால்வாசி மலை ஏறி, கடைசித் துண்டுக்கு மட்டும் இறங்கி மிதிக்கிறதா ஏற்பாடு. நான் ஜனக்புரியில வீட்ல தோசை ஊத்திக்கிட்டிருக்கேன், வீடியோ கால் வருது. சுபிக்ஷா போனைப் பிடிச்சிருக்கா. அண்ணி தேவதாரு மரத்தடியில ஹெல்மெட்டோட, வேர்த்து வழிய, சிவந்துபோய் நிக்கறாங்க. "கோட்துவார்லேர்ந்து ஏறிட்டேன்டி தங்கம்! முழுசா ஏறிட்டேன்!"னு குதிக்கறாங்க. முட்டி வலிக்காரி குதிக்கறதைப் பாத்து எனக்கு தோசை தீஞ்சதுகூடத் தெரியலை.

பின்னால, வளைவுல, அண்ணன் வந்துக்கிட்டிருந்தார். நாக்குத் தள்ள வந்து சேந்து, சைக்கிளை அப்படியே புல்லுல போட்டுட்டு நேரா அண்ணிகிட்ட போனார். மலையைப் பாக்கலை, என்கிட்டயும் பேசலை. அவங்க ரெண்டு கையையும் எடுத்து, கிளவுஸைக் கழட்டி, ஒவ்வொரு விரலா அமுக்கிப் பாத்தார்.

"மரத்துப் போச்சா செல்வி? நெஜத்தைச் சொல்லு."

அண்ணி அதே விரலால அவர் புஜத்துல நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளினாங்க. அண்ணன் "அய்யோ!"ன்னு கத்தினது மலையெல்லாம் கேட்டிருக்கும்.