பெண் பார்க்கப் போன இடத்தில் பூமி ஆடியது

பம்பாய் செம்பூரில் எங்கள் கட்டடத்தை இடித்துவிட்டு அடுக்குமாடிக் கோபுரம் எழுப்பப் போகிறார்கள். அதற்கு முன்னோட்டமாக நிலத்தைத் துளைத்து, உள்ளேயிருந்து உருளை உருளையாகக் கறுப்புக் கல்லை எடுத்து வாசலில் அடுக்கியிருக்கிறார்கள். ஆறு கோடி வருஷத்துக்கும் முந்தைய எரிமலைக் குழம்பு உறைந்த கல். வாட்ச்மேன் அதில் ஒன்றை எடுத்து கேட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். குனிந்து தொட்டேன். ஈரக் கல்லின் வாசனை. செல்வினின் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை அது.

செல்வினும் நானும் மாட்டுங்காவில் ஒரே அறையில் குடியிருந்தோம். நான் வங்கி குமாஸ்தா. அவன் நாசரேத்துக்காரன். பாறைகளைப் பற்றி எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, கட்டடம் கட்டுகிறவர்களுக்கு மண் சோதித்துக் கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தான். மாலையில் அவன் குளித்துவிட்டு வந்தால் பாத்ரூமில் புது பூமி ஒன்று உருவாகியிருக்கும். அதைக் கழுவுவது என் பாடு.

அவனுக்குத் தாராவியில் பெண் பார்க்க ஏற்பாடானது. ஊரிலிருந்து பெற்றோருக்கு ரயில் டிக்கெட் கிடைக்காததால், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக என்னைக் கூட்டிப் போனான். பெரியவருக்கு அப்போது மீசையே சரியாக முளைக்கவில்லை.

பெண்ணின் அப்பா தங்கராஜ் தோல் பை பட்டறை வைத்திருந்தார். கீழே பட்டறை, மேலே வீடு, நடுவில் சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்பு ஏணி. தோல் ஒட்டும் சொல்யூஷன் நெடியில் எனக்கு ஏறும்போதே தலை சுற்றியது. பலகாரமாக முந்திரிக்கொத்தும், கூடவே டீயும் வந்தன. பெண் ஜெஸ்ஸி, சயானில் ஒரு லேபில் வேலை, ஒருமுறை எங்களை நன்றாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"கல்லுல படிக்கதுக்கு அப்படி என்னவே இருக்கு?" என்று தங்கராஜ் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

செல்வின் சூரியனிலிருந்து ஆரம்பித்தான். சூரியன் பிறந்த புதிதில் அதைச் சுற்றித் தட்டுபோல வாயுவும் தூசியும் சுழன்றன. தூசியோடு தூசி ஒட்டி, கல்லாகி, கல்லோடு கல் மோதி, மோதியதில் பெருத்து நானூற்றைம்பது கோடி வருஷத்துக்கு முன்னால் பூமி ஆயிற்று. மோதிய சூட்டில் உருகியபோது கனமான இரும்பெல்லாம் நடுவுக்கு இறங்கிவிட்டது. லேசான கல் மேலே நின்று ஓடானது.

தங்கராஜ் பொறுமையாகக் கேட்டார். "நம்மள ஆண்டவர் மண்ணுலேந்துதான் உண்டாக்குனாருன்னு வேதத்துலயே இருக்கே. அதுக்கு எதுக்குவே எம்மெஸ்ஸி?"

நான் செல்வினின் காலை மிதித்தேன். அவன் நிறுத்தவில்லை. மேல் ஓடு பல தட்டுகளாக உடைந்து கிடக்கிறது, இந்தியா ஒரு காலத்தில் மடகாஸ்கரோடு ஒட்டியிருந்தது, பிய்த்துக்கொண்டு வடக்கே வந்து ஆசியாவை முட்டி இமயமலையை எழுப்பியது, இன்னும் முட்டிக்கொண்டே இருக்கிறது என்றான்.

"அப்ப நாம இடிஞ்சி விழுந்துருவமா?"

"நம்ம பம்பாய் தட்டுக்கு நடுவுல இருக்கு மாமா. ஆட்டமெல்லாம் ஓரத்துலதான் ஜாஸ்தி. நீங்க நிம்மதியா..."

டம்ளரில் டீ நடுங்கியது. பீரோவின் கைப்பிடி கடகடவென்று அடித்தது. நிறுத்தி வைத்திருந்த ஃபேன் தானாக ஊசலாடியது.

"ஏல, ஞாயித்துக்கெழம யாருல மிஷின ஓட்டுறது?" என்று தங்கராஜ் கீழே பார்த்துக் கத்தினார்.

வெளியே யாரோ "பூகம்ப் ஹை, பாஹர் ஆவோ" என்று எல்லோரையும் வெளியே கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது செல்வினின் நாற்காலி காலியாக இருந்தது. கையில் முந்திரிக்கொத்தோடு அவன் ஏணியில் பாதி இறங்கியிருந்தான். அவன் பின்னால் நான். கடைசி இரண்டு படிகளை நான் இறங்கினேன் என்று சொல்ல முடியாது.

ஆட்டம் அதற்குள் நின்றுவிட்டது. ஆனால் சந்து முழுக்க ஜனம். யாரும் வீட்டுக்குள் போகத் தயாரில்லை. தங்கராஜ் எல்லோருக்கும் கேட்கும்படி, "பொண்ணு பாக்க வந்தவன் பொண்ண விட்டுட்டு ஓடுதான். இவனுக்கா குடுக்கது?" என்றார். செல்வின் தலை நிமிரவில்லை. ஜெஸ்ஸியை முதல் பார்வையிலேயே அவனுக்குப் பிடித்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். அவளுக்காகத்தான் சூரியனிலிருந்து ஆரம்பித்திருந்தான்.

கேஸை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டு ஜெஸ்ஸி கடைசியாக இறங்கி வந்தாள். நேராக அவனிடம் வந்தாள்.

"நடுவுலதான இருக்கோம்னீங்க. பின்ன ஏன் ஆடுச்சு?"

"ஓரத்துல முட்டுற அழுத்தம் தட்டு முழுக்கப் பரவும். உள்ள பழைய விரிசல் இருந்தா அங்கயும் நழுவும்."

"அத மேலயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்ல வந்தேன். அதுக்குள்ள வந்துட்டு."

"சரி. ஓடுனது?"

செல்வின் கையிலிருந்த முந்திரிக்கொத்தைப் பார்த்தான். "அதுக்குப் படிப்புல ஒண்ணும் இல்ல. பயந்துட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். அப்பாவிடம் திரும்பி, "பயந்தா பயந்தேன்னு சொல்லுதாரு. நம்ம வீட்டு ஆம்பளைங்க யாரும் இதுவரைக்கும் சொல்லி நான் கேட்டதில்ல" என்றாள். சந்தில் இருந்த பெண்கள் எல்லோரும் தங்கராஜைப் பார்த்தார்கள். அவர் பட்டறைப் பூட்டைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

அடுத்த ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். மருமகனை எல்லோருக்கும் தங்கராஜ் இப்படித்தான் அறிமுகம் செய்தார்: "பூகம்ப டிபார்ட்மென்ட்." முதலில் கோபர்கைரனேயில் வாடகைக்கு இருந்தார்கள். பிறகு நெருளில் சொந்த வீடு. பட்டறையை விற்றாயிற்று. அந்தச் சந்து இருக்கிறதா என்று போன வருஷம் போய்ப் பார்த்தேன். தகரத் தடுப்புதான் இருந்தது.

செல்வின் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. இதயம். அந்த விரிசலை யாரும் முன்கூட்டிச் சோதிக்கவில்லை.

கேட்டருகே கல்லைத் தொட்ட அன்று ஜெஸ்ஸிக்குப் போன் செய்து அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னேன். "அதப் பத்தி ஏதாவது பேசுங்கண்ணே. வீடு ரொம்ப அமைதியா இருக்கு" என்றாள். எனக்கு வட்டிக் கணக்குதான் தெரியும். இருந்தாலும் தூசியில் ஆரம்பித்தேன். இரும்பை நடுவுக்கு இறக்கினேன். ஓட்டுக்குக் கீழே எல்லாம் உருகிய குழம்பு, அதில்தான் தட்டுகள் மிதக்கின்றன என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. குழம்பு இல்லை, அது கெட்டிப் பாறை, சூட்டில் நகம் வளரும் வேகத்தில் ஊர்கிறது. இந்தத் தப்பை நான் எத்தனை முறை சொன்னாலும் செல்வின் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வருவான்.

பழக்கத்தில் நான் பேச்சை நிறுத்திக் காத்திருந்தேன். அந்தப் பக்கம் ஜெஸ்ஸியும் காத்திருந்தாள்.