வண்டலூர் காட்டில் நாற்பது அடிக்கட்டைகள்

1973 ஜூலை 14, சனிக்கிழமை, காலை 6.40. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வாடகை சைக்கிள் எடுத்தேன். பார்க்க வேண்டிய அடிக்கட்டைகள் நாற்பது. இரண்டு வருடம் முன்பு, வண்டலூர் காட்டில் ஒரு மர கான்ட்ராக்டருக்காக நான் பொறுக்கி அடையாளம் போட்ட மரங்கள். இடையிடையே எடுத்தால் காடு தானே மூடிக்கொள்ளும் என்று எழுதிக் கொடுத்தவனும் நான்தான். திங்கட்கிழமை அடுத்த நாற்பது மரத்தை வெட்டக் கையெழுத்துப் போட வேண்டும். மூடியதா என்று பார்க்காமல் எப்படிப் போடுவது?

ஆறு கிலோமீட்டர், அரை மணி நேரம். பெருங்களத்தூர் தாண்டியதும் எதிர்க்காற்று. வண்டலூர் ரயில்வே கேட் அருகே டீ பதினைந்து காசு, சுமார் ரகம். அங்கே செல்லப்பன் உட்கார்ந்திருந்தான். என் வயதுதான், மரம் வெட்டுகிறவன். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் புதரைச் சுத்தமாக வழித்துவிட்டு வெட்டச் சொல்லியிருந்தேன். அவன் மட்டும் வழிக்கவில்லை. சோம்பேறி என்று எழுதி வேலையை விட்டு நிறுத்தினேன்.

"இன்னா சார், இன்னிக்கு யாரை நிறுத்த வந்துகீறே?"

"முள்ளு வெட்ட ஆள் வேணும். வர்றியா?"

"பார்றா!" என்று சிரித்தவன், கத்தியோடு வந்துவிட்டான்.

வழித்த முப்பத்தொரு இடத்திலும் உண்ணிச்செடி. தோள் உயரம், கை நுழையாது. பூ அழகுதான், அடியில் ஒரு மரக்கன்று இல்லை. வெயில் விழுந்த வெறும் மண்ணை அது முதலில் பிடித்துக்கொண்டது. செல்லப்பன் வெட்டிய ஒன்பதில் கதையே வேறு. அவன் விட்டுவைத்த காரை முள் புதருக்குள் வீரை, உலக்கைப்பாலை மரக்கன்றுகள் முழங்கால் உயரம் நின்றன. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சுதான் விட்டியா?"

"அட, நீ வேற சார். முள்ளு குத்திச்சு, வுட்டுட்டேன்."

"இதை என்னன்னு எழுதறது?"

"சோம்பேறின்னு எழுதிகீறியே, அப்டியே இருக்கட்டும்."

போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போடுங்கள். பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். தண்ணீர் உள்ளே கிடைக்காது. நான் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை கையெழுத்துப் போட மாட்டேன்.
2. பழைய அறிக்கை தப்பு என்று என் பெயரிலேயே எழுதுவேன்.
3. முப்பத்தொரு இடத்திலும் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்க ஆள் கேட்பேன்.
4. முதல் ஆள் செல்லப்பன். காரைப் புதரைத் தொடாதே என்பதுதான் அவனுக்கு உத்தரவு. அதையாவது ஒழுங்காகச் செய்வான்.