ஒன்றரைக் கட்டை

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லை என்றால் ரிசப்ஷன் இல்லை, ரிசப்ஷன் இல்லை என்றால் எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு வேலை இல்லை. ஆர்கெஸ்ட்ரா என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கீபோர்டு என் கணவர், ரிதம் பேட் ஒருவர், ஆண் குரலுக்கு ஓர் அண்ணன், பெண் குரலுக்கு நான். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கத்து மண்டபங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்போது மேடையின் ஓரமாக நின்று யாரோ பாடிக்கொண்டிருப்பார்களே, அது நாங்கள்தான். கணவருக்குப் பகலில் கல்பாக்கத்தில் டெக்னீசியன் வேலை. அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ்.

மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அடுத்தவர்கள் பாடுவதைக் கேட்கப் போவோம். சபாவுக்கெல்லாம் இல்லை. பொத்தேரியில் ஒரு ஜூஸ் கடை மாடியில் காலேஜ் பிள்ளைகள் வாசிப்பார்கள். மாமல்லபுரத்தில் அலைச்சறுக்கு விளையாடிவிட்டு ஈரத்தலையோடு வந்து உட்காருகிறவர்களுக்காக, கஃபேக்காரர்கள் மூலையில் ஒரு மைக்கும் ஸ்டூலும் போட்டு வைத்திருப்பார்கள். பெயர் தெரியாத ஆட்கள்தான் பயமில்லாமல் பாடுவார்கள் என்பது என் கணவரின் கட்சி. யாராவது நன்றாக வாசித்துவிட்டால் மனிதர் ஒரு வாரம் அதையே பேசுவார். பொத்தேரியில் பிசியோதெரபி படிக்கிற ஒரு பெண் வயலின் வாசித்ததை ஸ்டாஃப் பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லி, அவர்கள் இவரைப் பார்த்தாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் அளவுக்கு ஆக்கிவிட்டார்.

நான் போவது பாட்டுக்காக இல்லை. அவர் கையைப் பார்ப்பதற்காக. ஒரு குரல் அவருக்குப் பிடித்துவிட்டால் வலது கை விரல்கள் தொடையின் மேல் கீபோர்டு வாசிக்க ஆரம்பித்துவிடும். அவருக்கே தெரியாது. பிடிக்கவில்லை என்றால் கை சும்மா கிடக்கும், முகம் மட்டும் மரியாதைக்குத் தலையாட்டும். எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்தத் தொடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கை அசையாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். நான் பாடும்போது விரல்கள் ஆடுவதே இல்லையே என்று ஒருமுறை கேட்டேன். நீ பாடும்போது நிஜக் கீபோர்டில்தானே இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்றார். பதில் சரிதான். எனக்குத்தான் ஆறவில்லை.

பிறவியிலேயே நான் பொறாமைக்காரி. பள்ளிக்கூடத்தில் பிரேயர் பாட்டுக்கு வேறு ஒருத்தியை நிறுத்தினால் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும். அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுப்பாள், காரணம் கேட்கமாட்டாள்.

அந்தப் பெண்ணைப் பார்த்தது மாமல்லபுரத்தில், கடற்கரைக்குப் போகிற சந்தில் ஒரு மாடிக் கஃபேயில். இருபத்தைந்து வயது இருக்கும். தலையில் முக்காடு, மடியில் குழந்தை விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு சின்ன கிட்டார். புதுப்பட்டினத்துப் பெண், அப்பா பஜாரில் செருப்புக்கடை வைத்திருக்கிறார், இவள் பல் டாக்டர் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் பீட்சாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இவள் ஒரு பழைய தமிழ் மெலடியை எடுத்தாள். சரணத்தில் உச்சிக்குப் போகிற இடம் ஒன்று உண்டு. பாடகிகள் அதற்கு முந்தின வரியிலேயே மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு கழுத்தை நீட்டுவார்கள். இவள் பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை வாங்கப் போகிறவள் போல அங்கே போய்விட்டு வந்தாள்.

நான் தொடையைப் பார்த்தேன். வலது கை ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இடது கையும் சேர்ந்துகொண்டது. இரண்டு கையும் ஆடி நான் பார்த்ததே இல்லை. அவருடைய காபியில் ஆடை படிந்து கிடந்தது.

படி இறங்கும்போது, தாளம் கொஞ்சம் இழுக்கிறது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வண்டியை எடுத்தார்.

அடுத்த ஞாயிறும் அங்கேயே போகலாம் என்று சொன்னது நான்தான். குறை கண்டுபிடிக்கத்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. மூன்றாவது முறை போனபோது அவளே எங்கள் மேஜைக்கு வந்தாள். கணவரை அவள் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அக்கா, உங்கள செங்கல்பட்டு மண்டபத்துல கேட்டுகீறேன். என் ஃப்ரெண்டு கல்யாணத்துல. சாப்பிடக்கூடப் போவாம நின்னுகினே இருந்தேன்."

புகழ்ந்தவளை வெறுப்பது கஷ்டமான வேலை. அதையும் செய்தேன். நான் பதில் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் என் கணவர் முந்திக்கொண்டு, தை மாதம் முதல் ரிசப்ஷனுக்கு எங்களோடு வந்து ரெண்டு பாட்டு பாடு என்று சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து நானும் சிரித்துத் தொலைத்தேன். ஈசிஆரில் வீடு வந்து சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தேன். ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்கு எதற்கு இரண்டு பெண் குரல், இன்றைக்கு இரண்டு பாட்டு என்று வருகிறவள் ஆடி வருவதற்குள் எல்லாப் பாட்டையும் வாங்கிக்கொள்ள மாட்டாளா என்று கேட்டேன். அவர் பல் தேய்க்கப் போய்விட்டார்.

ரிகர்சல் எங்கள் வீட்டு ஹாலில். அவளுக்கு நான் ஒரு பாட்டு தேர்ந்து கொடுத்தேன். பல வருஷமாக நான் பாடுகிற பாட்டு. பல்லவி அடியில் கிடக்கும், சரணம் தலைக்கு மேலே போகும். எங்கேயாவது தடுக்கி விழட்டும் என்பதுதான் எண்ணம். அவர் முன்னிசை வாசித்தார். அவள் முதல் வரியை எடுத்தாள். குரலே கேட்கவில்லை, காற்றுதான் வந்தது. எனக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. அவள் பாட்டை நிறுத்தினாள்.

"அண்ணே, சுருதி ரொம்ப கீழ கீதே. ஒரிஜினல்ல வெக்கிறீங்களா?"

ஆமாம் ஆமாம் என்று அவர் அவசரமாகப் பட்டனை அழுத்தினார். அதற்குள் டீத் தட்டோடு பின்னால் வந்து நின்ற நான் பார்த்துவிட்டேன். கீபோர்டின் சின்னத் திரையில் மைனஸ் மூன்று. எனக்காக வைத்திருந்த ஒன்றரைக் கட்டை சுருதி இறக்கம். நான் எப்போதும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களைப் பார்த்துப் பாடுகிறவள். அந்தத் திரையை நான் எங்கே பார்க்கப் போகிறேன்? அந்தக் கருவியில் எண்ணை மாற்றிவிட்டால் போதும், விரல்கள் அதே கட்டைகளில்தான் ஓடும், சுருதி மட்டும் இறங்கிவிடும். நான் ஒரிஜினல் சுருதியில் பாடுவதாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டூயட்டெல்லாம் இப்போது ரொம்பக் கீழே போகிறது, தொண்டை எட்டவில்லை என்று ஆண் குரல் அண்ணன் ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது அண்ணே என்று நான் அவரைக் கிண்டல் செய்வேன். அவரும் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அவள் போன பிறகு, எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"ஒரேடியா இல்ல. அரைக் கட்ட, அப்பால அரைக் கட்ட. உனுக்குத் தொண்ட இறுகுதுன்னு தெரியச்சொல்லோ எறக்கிடுவேன்."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"

"சொன்னா இன்னா பண்ணுவ? பாடவே மாட்டேன்னு வூட்ல குந்திகினு இருப்ப."

அப்படித்தான் செய்திருப்பேன். அதனால் கோபம் இரண்டு மடங்கானது. என் தொண்டை இறுகுவதை நான் உணர்வதற்கு முன்பே அவர் கேட்டிருக்கிறார், அது புரியாமல் இல்லை. புரிந்து என்ன செய்ய? அவளுக்கு இரண்டு கையும் ஆடுகிறது, எனக்கு ஒரு பட்டன். அதுவரை அவள் குரல் மேல்தான் பொறாமை. அன்றிலிருந்து, ஒரிஜினல் சுருதி கேட்டு அவள் திரையில் வரவைத்த அந்தப் பூஜ்ஜியத்தின் மேல்.

தை மாத ரிசப்ஷனில் முதலில் அவள் பாடினாள், ஒரிஜினல் சுருதியில். பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் சிலர் திரும்பி நின்றார்கள். அடுத்தது நான். பின்னால் திரும்பி, அவளுக்கு வைத்ததையே எனக்கும் வையுங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். வைக்காமல் பாடமாட்டேன் என்றேன். வைத்தார்.

பல்லவி போனது. சரணத்தின் உச்சியில் என் குரல் பழைய புடவை மாதிரி கிழிந்தது. அவர் சட்டென்று வயலின் சத்தத்தைக் கூட்டி அதன் மேல் போர்த்தினார். மண்டபத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. போட்டோ வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. தெரிந்தது மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும். அவர்களில் அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்ததும் என் பாட்டுதான், ரிகர்சலில் அவளுக்குக் காற்றாய்ப் போய், பிறகு நானே திரும்ப வாங்கிக்கொண்ட அந்தப் பாட்டு. கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மைக்கை விட்டுவிட்டுக் கீபோர்டிடம் போனேன். அவள் பார்க்கும்படியாக, என் கையாலேயே மூன்று முறை அழுத்தினேன். மைனஸ் மூன்று வந்தது. அவர் முன்னிசையை ஆரம்பித்தார்.

பல்லவியின் அடியில் இறங்கினேன். இறங்கின இடத்தில் குரல் இருந்தது. அங்கேயே நின்றேன். அவசரம் இல்லை, பயம் இல்லை. இருபது வயதில் நான் அங்கே போனதே இல்லை, எனக்கும் அப்போது காற்றுதான் வந்திருக்கும். சரணத்தின் உச்சியும் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. பாடி முடித்தபோது பந்தியிலிருந்து இரண்டு பேர் எச்சில் கையோடு வந்து நின்றிருந்தார்கள்.

சாப்பாட்டில் அவள் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை.

"அக்கா, அவ்ளோ கீழ எப்டிக்கா போறீங்க? அன்னிலேர்ந்து வூட்ல பாடிப் பாடிப் பாத்துகினே கீறேன், வரவே மாட்டேங்குது."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். மார்கழி முழுக்க அது என் முகத்தில்தான் இருந்தது.

எப்படிப் போவது என்பதும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பாயசம் வருகிறது, வாங்கிக்கொள் என்றேன்.