ஒரே கயிற்றில் வந்த இரண்டு பத்திரிகைகள்

என் அக்காவின் கல்யாணத்தை நிறுத்தியவர்களை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. மெட்ராஸில் அவர்களுக்குப் பஞ்சாலை இருந்தது, பாங்கி இருந்தது, கடற்கரைப் பக்கம் பங்களா இருந்தது என்றெல்லாம் பின்னால் கேள்விப்பட்டேன். சித்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குக் கல்யாண வயதில் மகள் இருந்தாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்த வாத்தியார்தான் என் நைனா. அக்காவை மாமாவின் மகனுக்குப் பேசியிருந்தது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். திருப்பதி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அக்காவுக்கு மாப்பிள்ளையை அவ்வளவு பிடிக்கும். அவர் பேச்சு வந்தாலே அடுப்பில் இருப்பதை மறந்துவிடுவாள். அந்த நாட்களில் நாங்கள் எத்தனை தீய்ந்த குழம்பு தின்றோமோ, கர்த்தருக்கே வெளிச்சம். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

நைனா சர்க்கார் பக்கம். மாமா கதர். ஆளுக்கொரு பத்திரிகை, இரண்டும் மெட்ராஸிலிருந்து ரயிலில் வரும். மாமா ஞாயிற்றுக்கிழமை சித்தூருக்கு வந்தால், ஆராதனை முடிந்து இலை போடுவதற்குள் இருவரும் பத்திரிகையை விரித்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்கள். "மாப்ள, உங்க பேப்பரு கட்டுச்சோறு மடிக்கத்தான் லாயக்கு" என்பார் மாமா. "உங்களுது அதுக்கும் ஆவாது மச்சான், சோத்துல மை ஒட்டிக்கும்" என்பார் நைனா. இருவரும் சிரிப்பார்கள். அம்மா இருவர் இலையிலும் கறியைப் போட்டு வாயை அடைப்பாள்.

சட்டசபைத் தேர்தல் வந்தது, சிரிப்பு போயிற்று.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை உண்டென்று அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று பாதிரியார் கேட்பார். யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. யாராவது இருமுவார்கள், அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். அக்காவுக்கு இரண்டு ஓலை அப்படித்தான் முடிந்தது. மூன்றாவதுக்கு முந்தின வாரம் மாமாவின் பத்திரிகை, மிஷன் வாத்தியார்கள் வெள்ளைக்காரன் போடும் ரொட்டிக்கு ஓட்டை விற்கிறார்கள் என்று எழுதியது. அதே வாரம் நைனாவின் பத்திரிகை, கதர் கட்டிய ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் ஏழைகளின் மருந்தைத் திருடி விற்றுக் கட்சிக்குக் கொடுக்கிறார்கள் என்று எழுதியது. இருவரும் தங்கள் பத்திரிகையை வேதத்துக்கு அடுத்தபடியாக நம்புகிறவர்கள்.

மூன்றாம் ஞாயிறு, கோயில் வாசலிலேயே மாமா பத்திரிகையை நீட்டினார். "நீங்க துன்றது இன்னா ரொட்டி மாப்ள? நீங்களே சொல்லிடுங்க."

நைனா அதைக் கையால் தள்ளினார். "திருட்டு மருந்து வித்த காசுல என் பொண்ணுக்குத் தாலி வாணாம்" என்றார்.

உள்ளே பாதிரியார் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார். நைனா எழுந்து நின்றார்.

"இருக்குதுங்க ஐயா. பெத்தவன் நானே சொல்றேன்."

பெண்கள் பக்கத்தில் அக்கா என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, ஏதோ பாட்டைத் தேடுகிறவளைப்போலப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

மாமாவின் மகன் கோலார் பக்கம் வேலைக்குப் போய், அங்கேயே பெண் கட்டிக்கொண்டார். மாமா எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அம்மா அண்ணன் பேரைச் சொல்லாமல் அழப் பழகிக்கொண்டாள். குழம்பு தீய்வது நின்றுபோனது. நைனா மட்டும் பத்திரிகையை விடவில்லை.

அதை ஸ்டேஷனில் ஏஜெண்டிடம் வாங்கி வருவது என் வேலை. ஒருநாள் சீக்கிரமே போய்விட்டேன். அவர் அப்போதுதான் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரே கட்டு, ஒரே சணல் கயிறு. உள்ளே மேல்பாதி நைனாவின் பத்திரிகை, கீழ்ப்பாதி மாமாவுடையது. இரண்டும் எப்படி ஒன்றாக வருகிறது என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே முதலாளிது அம்மாயி" என்றார். "கதர் பேப்பரை வக்கீலுங்க நாலு பேரு சேந்து நடத்திகினு இருந்தாங்க. நொடிச்சிப்போச்சி. உங்க நைனா படிக்கிற பேப்பர் கீதே, அந்தக் குடும்பமே அதையும் வாங்கிடுச்சி. எலக்‌ஷனுக்கு முன்னாடியே. அண்ணன் இதைப் பாத்துக்கிறாரு, தம்பி அதை. ரெண்டு கட்சிக்காரனும் வாங்கணுமில்ல?"

எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு சமாசாரம் என் கையில் இருந்தது. கூடவே அந்த அண்ணன் தம்பியை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்ததும், ஏஜெண்ட் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"பாவம், நைனா" என்றேன். "அவங்க வூட்லயும் அண்ணனும் தம்பியும் பேசிக்க மாட்டாங்க இல்ல?"

நைனாவின் கை சோற்றிலேயே நின்றது. அம்மா அவரைப் பார்த்தாள். அக்கா சிரித்தாள். கோயிலில் ஓலை தடைபட்ட நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். சிரித்துச் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தாள். அப்பாடா, எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணி நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

நைனா பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். இவ்வளவு நல்ல வேடிக்கைக்கு அவர் மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.