ஆத்தாவிடம் லீவு கேட்டவன்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு ஒருவன் லீவு கேட்டு வந்தான். முதலாளி ஏற்கனவே கொடுத்துவிட்டார். ஆத்தாதான் பாக்கி!

பெயர் மனோஜ். பீகார்க்காரன். நாமகிரிப்பேட்டை ரோட்டில் இருக்கிற கோழிப்பண்ணையில் தீவனம் போடுகிறான். வந்து சில வருடம் ஆகிறது. பேசக் கேட்டால் நம்ம பையன் என்றே நினைப்பீர்கள் — அத்தனை 'ங்க' போடுவான்.

"ஏனுங் பூசாரி... ஊட்ல எனக்குப் பொட்டப்புள்ள பொறந்திருக்குதுங்க. போயிப் பாக்கோணுங்க."

"நல்ல சமாச்சாரந்தானப்பா! போயிட்டு வா. அதுக்கு என்னைய எதுக்குக் கேக்கற?"

"கம்பம் நட்டாச்சுங்களே..."

கோயிலில் இருந்த அத்தனை பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பண்டிகைக்குப் பூச்சாட்டி நாள் குறித்து, கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், அன்றைக்கு ஊரில் இருந்தவர்கள் பண்டிகை முடிந்து கம்பம் பிடுங்குகிற வரை கவுச்சி தொடக் கூடாது; வேறு ஊரில் ராத்தங்கக் கூடாது. கல்யாணமோ காலேஜோ — இருட்டுவதற்குள் வீடு வந்து சேர வேண்டும்.

சரி, அது ஊர்க்காரர்களுக்கு. பண்ணை ஷெட்டில் படுத்துத் தூங்குகிறவனுக்கும் உண்டு என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கம்பம் நட்ட அன்று அவனும் கூட்டத்தில் நின்றிருக்கிறான். எல்லோருக்கும் சொன்னதைத் தனக்கும் என்று எடுத்துக்கொண்டுவிட்டான். பெற்ற பிள்ளையை ஃபோனில் மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான், பாவம்.

லாரி ஓட்டி ஓய்ந்த செங்கோடண்ணன் பெரிதாகச் சிரித்தார். "அட, நீ வடக்கத்தியான்டா! உனக்கென்னடா கட்டும் காவலும்? ஆத்தா உன்னையக் கணக்குலயே வெச்சிருக்க மாட்டா. கெளம்பு, கெளம்பு!"

எல்லோரும் சிரித்தார்கள். மனோஜ் சிரிக்கவில்லை.

போகலாம் என்றுதானே சொன்னார்கள்? கேட்டதுதானே கிடைத்தது? முகம் ஏன் அப்படிச் சுருங்க வேண்டும்?

"கம்பம் நட்டதுலருந்து ஒரு முட்டை வாயில வெக்கலீங்களே நானு... அது கணக்கில்லீங்களா?"

முட்டைக்கு நடுவிலேயே பிழைக்கிறவன்! போ என்றால் அவன் நம்ம ஊரான் இல்லை என்றாகும். இரு என்றால் பிள்ளை முகம் பார்க்க முடியாது. எதைச் சொல்ல?

"இரு. பூக் கேட்டுப் பாக்கலாம்" என்றார் பூசாரி. ஆத்தா தலையில் பூ வைத்து, வலது பக்கம் விழுந்தால் உத்தரவு.

"இவனுக்கா?" என்றார் செங்கோடண்ணன்.

"முட்டைக்கு நடுவுல விரதம் இருந்திருக்கான். நீ இருப்பியாய்யா?"

இந்த முறை சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது.

பூ வைத்தார்கள். விழவில்லை. இன்னும் விழவில்லை... சற்று முன் சிரித்தவர்களே கை கூப்பி நின்றார்கள். "உட்ருடி ஆத்தா, பச்சப்புள்ளக்காரன்!" என்று ஒரு பெண் கத்தியேவிட்டாள். நான் வழக்கம்போல் தூணுக்குப் பின்னால். எனக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது.

விழுந்தது. வலது பக்கம்!

அப்போது யாரோ என் கையை இறுகப் பிடித்தார்கள். பக்கத்து வீட்டு மருமகள் சுகன்யா. தபால் வழியில் சமூகவியல் படிக்கிறாள். 'ஜனங்க எப்பிடிச் சேர்றாங்க, எப்பிடி மாறுறாங்கன்னு படிக்கறதுங்க' என்று ஒருமுறை சொன்னபோது, இதற்கெல்லாமா பரீட்சை வைப்பார்கள் என்று மனதுக்குள் சிரித்திருக்கிறேன்.

"பாத்தீங்ளா பெரிம்மா? நம்ம கண்ணு முன்னால ஒரு ஆளு ஊருக்குள்ள வந்துட்டான்!"

"அவன் வந்துதான் வருசமாச்சே அம்மிணி?"

"அது வேலைக்கு வந்தது. ஊருக்கு இப்பத்தான் வந்தான்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். ஊர் என்பது எங்கள் முப்பாட்டன் காலத்திலேயே கட்டி முடித்துவிட்ட ஒன்று என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லையாம்... இன்னும் கட்டிக்கொண்டேதான் இருக்கிறோமாம். நாங்கள் சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறபோதே ஒரு செங்கல் ஏறுகிறது! அதை ஏறுகிறபோதே கண்டுபிடிக்க ஒரு படிப்பு வேறு இருக்கிறது... என்ன உலகமடா சாமி!

வெளியே செங்கோடண்ணன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்.

"ஏறுடா. சேலம் ஜங்ஷன்ல உட்டுட்டு வாரேன். கம்பம் புடுங்கறதுக்குள்ள திரும்பி வந்துரோணும், ஆமா! ஒரு ஆளு கொறைஞ்சா ஆத்தாளுக்கு எவன் பதில் சொல்றது?"

மனோஜ் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை சந்தோஷமாகத் திட்டு வாங்குகிறவனை நான் பார்த்ததே இல்லை.

விருந்தாளி எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். ஊர்க்காரன்தான் கேட்டுவிட்டுப் போக வேண்டும்!